அரும்பாவூருக்கு மெழுகுவர்த்தி வேண்டாம்

சென்னையிலோ கோவையிலோ கொஞ்சம் விலை கூடிய பரிசுப் பொருள் கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கைப் பிடிப்பது சோயா மெழுகுவர்த்தியின் வாசனைதான். மூடி போட்ட கண்ணாடிக் குவளை, உள்ளே வெண்ணெய் நிறத்தில் மெழுகு, நடுவே பஞ்சுத் திரி. குவளையில் ஒட்டிய சீட்டில் ஒரு ராகத்தின் பெயரோ, ஓவியர் ஒருவரின் பெயரோ, கோயில் கோபுரத்தின் கோட்டுச் சித்திரமோ இருக்கும். கீழே கலையை நுகரச் சொல்லியும் இசையை ஏற்றச் சொல்லியும் இரண்டு வரி. விலை சில நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். அவரவர் வீடு, அவரவர் மூக்கு.

என் சண்டை வாங்குகிறவர்களோடு இல்லை. அந்தக் குவளையைச் சுற்றி ஒரு கருத்து வளர்ந்து, படித்தவர்கள் நடுவில் மறுப்பாரின்றி உலவுகிறது. சோயா இயற்கையானது, அதனால் குற்றமற்றது. ராகத்தையும் ஓவியத்தையும் வாசனையாக மாற்றுவது கலைக்குச் செய்யும் மரியாதை. ஆகவே நம் கைவினைஞர்களும் இந்த வழிக்கு வந்தால்தான் பிழைப்பார்கள். பேச்சு இப்படியே வளர்ந்து கடைசியில் அரும்பாவூரில் வந்து நிற்கிறது. ‘அந்த மரச்சிற்பிகள் இன்னும் எத்தனை காலம் வாகனமும் தேரும் சாமி சிலையும் செய்துகொண்டிருப்பார்கள்? அவர்கள் சிற்பத்தைத் தழுவி அழகான மெழுகுவர்த்தி செய்யலாமே, மெழுகுவர்த்தித் தாங்கி செய்யலாமே, ஊர்ப் பெயரைப் போட்டு விற்கலாமே’ என்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். இந்த யோசனை முதல் படியிலிருந்தே தவறு.

அரும்பாவூரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தை. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். வாகை, மா, வேம்பு, லிங்க மரம், ஈட்டி என்று மலையும் சமவெளியும் தரும் மரங்களில் தெய்வ உருவங்களும் கோயில் வாகனங்களும் கதவுகளும் தேர்ச் சிற்பங்களும் செதுக்கும் குடும்பங்கள் இங்கேயும் பக்கத்துத் தழுதாழையிலும் இருக்கின்றன. சிலை என்றால் ஒரே கட்டையிலிருந்து உருவத்தை வெளியே எடுப்பது இவர்கள் முறை. கை தனி, கால் தனி என்று செய்து ஒட்டும் வேலை கிடையாது. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கும் அப்போதுதான் கிடைத்தது.

இனி சோயாவுக்கு வருவோம்.

சோயா மெழுகு என்றொரு பொருள் வயலில் விளைவதில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர் தேன்மெழுகுக்கும் பாரஃபினுக்கும் மாற்றுத் தேடி உருவாக்கியது அது. அந்த மாநிலத்தில் சோயா மலைபோல் விளைகிறது, எண்ணெய்க்குப் புதிய சந்தை வேண்டியிருந்தது. சோயா எண்ணெய் சாதாரண வெப்பத்தில் திரவம். அதில் நிக்கல் வினையூக்கியின் முன்னிலையில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் இறுகிக் கட்டியாகும். இந்த வேதியியல் நமக்குப் புதிதல்ல. டால்டா என்று இரண்டு தலைமுறை நாம் வாங்கிய வனஸ்பதி இதே முறையில் வந்ததுதான். உடம்புக்கு ஆகாது என்று டால்டாவைச் சமையலறையிலிருந்து துரத்திய அதே குடும்பம், அதன் ஒன்றுவிட்ட தம்பியை வரவேற்பறையில் உட்காரவைத்து ‘இயற்கை’ என்று பெயர் சூட்டுகிறது. எரிப்பது வேறு, தின்பது வேறு என்பது உண்மைதான். ஆனால் இயற்கை என்ற பட்டத்தை இரண்டுக்கும் ஒரே அளவுகோலில்தான் கொடுக்க வேண்டும்.

இது நம் ஊர்ப் பொருளும் இல்லை. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா விளைகிறது. ஆனால் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியில்தான் ஓடுகிறது. அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் சோயா எண்ணெய் கப்பல் கப்பலாக வருகிறது. மெழுகுவர்த்தி செய்பவர்கள் தேடி வாங்கும் பேர்போன சோயா மெழுகுச் செதில்களும் வெளிநாட்டுத் தயாரிப்புகளே. இவர்கள் திட்டித் தீர்க்கும் பாரஃபின் மெழுகோ மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகிறது. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டிக்கும் ஊர் ஊராக இருக்கும் சிறு மெழுகுவர்த்திப் பட்டறைகளுக்கும் தலைமுறையாக அதுதான் முதல். கச்சா எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருகிறதே என்று கேட்டால், ஆம், வருகிறது. பாரஃபினுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது புதைபடிவ எரிபொருளின் மிச்சம், தீர்ந்துபோகக்கூடியது. ஆனால் ‘உள்ளூர், இயற்கை’ என்று இரண்டு சொல்லையும் சேர்த்துச் சோயாவுக்கு மாலை போடும்போது இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

புகை பற்றிய பயமுறுத்தல் இன்னும் மோசம். பாரஃபின் மெழுகுவர்த்தி எரிந்தால் பென்சீன், டொலுயீன் போன்ற நச்சு வாயுக்கள் வரும், சோயாவில் வராது என்பது இப்போது எல்லார் வாயிலும் இருக்கும் பாடம். இதன் வேர் பெரும்பாலும் 2009இல் தென் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் வாசித்த ஓர் ஆய்வில் இருக்கிறது. செய்தித்தாள்கள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின, பிறகு அது விளம்பர வாசகமாகிவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஜெர்மனியின் பைராய்ட் நகரில் பாரஃபின், சோயா, பாமாயில், ஸ்டியரின், தேன்மெழுகு எல்லாவற்றையும் எரித்துப் பார்த்தார்கள். வெளிவரும் பொருள்களில் பெரிய வேறுபாடு இல்லை, எல்லாமே அபாய அளவுக்கு வெகு கீழே இருந்தன என்று முடிவு வந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மெழுகுவர்த்தித் தொழில்துறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகப்பட விரும்புகிறவர்கள் இரண்டையும் சந்தேகப்படட்டும். கரி படிவதற்குத் திரியின் தடிமனும் அறையின் காற்றோட்டமும் பெரிய காரணம். நீளத் திரியை வெட்டாமல் மின்விசிறிக்குக் கீழே ஏற்றினால் எந்த மெழுகும் சுவரைக் கறுப்பாக்கும்.

சீட்டில் ‘நூறு சதவீதம் சோயா’ என்று போட்டிருப்பது மெழுகைப் பற்றி மட்டுமே. அதோடு கலக்கும் வாசனை எண்ணெய் பொதுவாக மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம் வரை. வாங்குகிறவர் காசு கொடுப்பதே அதற்குத்தான், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலான குவளைகள் சொல்வதில்லை. மல்லிகை என்று எழுதியிருந்தால் மல்லிகை என்று நம்பிவிடுகிறோம். ஒரு கிலோ மல்லிகைச் சாறு வடிக்க அரை டன்னுக்கு மேல் பூ வேண்டும். மதுரை, திண்டுக்கல் பக்கம் விளையும் மல்லிகையின் சாறு பிரான்ஸ் வரைக்கும் போய், உலகின் விலை உயர்ந்த வாசனைத் திரவியங்களில் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. அறுநூறு ரூபாய்க் குவளையில் அது எங்கே இருக்கப் போகிறது? ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனைதான் இருக்கும். செயற்கை வாசனை என்றாலே விஷம் என்று நான் சொல்ல மாட்டேன், அதுவும் இன்னொரு மூடநம்பிக்கை. ஆனால் பெட்ரோலிய மெழுகை ஒதுக்கியதற்காகத் தன்னைத்தானே தட்டிக்கொடுக்கும் ஒருவர், பெட்ரோலியத்திலிருந்தே பிறக்கும் பல வாசனை மூலக்கூறுகளை அதே குவளையில் முகர்ந்துகொண்டு தியானம் செய்வதை என்னவென்று சொல்ல?

மூலப்பொருளை இத்தோடு விடுகிறேன். அதைவிட எனக்கு உறுத்துவது ராகத்தையும் ஓவியத்தையும் பற்றிய பாசாங்கு.

வாசனைக்கும் இசைக்கும் முடிச்சுப் போடும் ஆசை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் வாசனைத் திரவியம் செய்த செப்டிமஸ் பியஸ் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வாசனை என்று பட்டியலே போட்டார். வாசனைத் தொழிலில் இன்றும் மேல் சுருதி, அடிச் சுருதி என்கிற ரீதியில் பேசுவது அந்த வழி வந்த பழக்கந்தான். 1902இல் நியூயார்க்கில் சதாகிச்சி ஹார்ட்மன் என்ற கவிஞர் வாசனைக் கச்சேரி ஒன்றை அறிவித்தார். விசிறி வைத்து வாசனைகளை அரங்கில் பரப்பி, பதினாறு நிமிஷத்தில் பார்வையாளர்களை ஜப்பானுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். கூட்டம் கூச்சல் போட்டது, அவர் பாதியில் மேடையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபின் ஒலி, நிறம், மணம் எல்லாம் சேர்ந்த பிரம்மாண்டமான படைப்பு ஒன்றைக் கனவு கண்டு, முடிக்காமலேயே 1915இல் இறந்தார். இவர்களை நான் கேலி செய்யவில்லை. தோற்றவர்கள் என்றாலும் பெரிய ஆசை வைத்துத் தோற்றவர்கள்.

தோற்றதற்குக் காரணம் அவர்கள் திறமைக் குறைவல்ல, மூக்கின் இயல்பு. ராகம் காலத்தில் நடப்பது. தோடியைத் தோடி என்று நாம் கண்டுகொள்வது ஒரு ஸ்வரத்தை வைத்து அல்ல. காந்தாரம் எப்படி அசைகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, எதை விட்டுவிட்டு எதற்குத் திரும்பி வருகிறது என்ற நடையை வைத்துத்தான். வாசனைக்கு அந்த நடை இல்லை. அறையில் ஒரேயடியாக நிறையும், சில நிமிஷத்தில் மூக்கு பழகிப்போய் அதை உணர்வதையே நிறுத்திவிடும். ஆலாபனை அரைமணி நேரம் ஆனபின் காது கூர்மையாகிறது. மெழுகுவர்த்தி அரைமணி நேரம் எரிந்தபின் மூக்கு தூங்கிவிடுகிறது. கல்யாணிக்கு மல்லிகை, சங்கராபரணத்துக்குச் சந்தனம் என்று யார் தீர்மானித்தது? சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டினால் வாங்குகிறவருக்குத் தெரியப்போவதில்லை, விற்கிறவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஒளியைத் தேடுகிறவர்களுக்கு நம் மேளகர்த்தா ராகங்களில் 68ஆவதற்கு ஜோதிஸ்வரூபிணி என்றே பெயர் இருக்கிறது. அதைக் கேட்கத் திரி தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

இதற்கு எதிர்க்கட்சியார் நியாயமாக ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு கலை இன்னொரு கலையைத் தழுவுவது காலகாலமாக நடப்பதுதானே, சிற்பத்தைப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள், பாட்டைக் கேட்டு வரைந்திருக்கிறார்கள், மெழுகுவர்த்திக்கு மட்டும் ஏன் தடை என்று. நல்ல கேள்வி. முத்துசாமி தீட்சிதர் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் பாடினார். அந்தக் கீர்த்தனைகள் பலவற்றில் தலத்தின் பெயர் இருக்கும், சாமியின் பெயர் இருக்கும், தன் முத்திரை இருக்கும், பலவற்றில் ராகத்தின் பெயரும் இருக்கும். கேட்டவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே புறப்பட்டுவிடலாம், அவ்வளவு விலாசம் அதில் உண்டு. தழுவுவது என்றால் அப்படி. எடுத்துக்கொண்ட இடத்துக்குக் கேட்பவனை அனுப்பிவைப்பது. குவளையில் ‘கோயில்’ என்று ஒரு வாசனை வருகிறதே, அது எந்தக் கோயில்? எந்த ஊர்? செதுக்கியவர் யார்? சாம்பிராணியும் கற்பூரமும் கலந்த பொதுவான ஒரு நெடி. அதில் விலாசமே கிடையாது.

தாவரக் கொழுப்பில் விளக்கு எரிப்பது உயர்ந்தது என்றால், அதை நமக்கு அயோவாவிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இலுப்பை எண்ணெய் இந்த மண்ணில் கோயில் விளக்குகளில் எரிந்தது. வேம்பும் புங்கும் ஆமணக்கும் எரிந்தன. இலுப்பைக் கொழுப்பு குளிர் காலத்தில் தானாகவே உறைந்து நிற்கும், ஹைட்ரஜனும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம். அரும்பாவூரிலிருந்து கிழக்கே போனால் அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம். அந்தச் சோழர் காலக் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கான ஏற்பாட்டைப் படித்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், அளவு, தவறினால் யார் பொறுப்பு, எல்லாம் கல்லில் இருக்கும். கிழ ஆடு போனாலும் குட்டி வந்துவிடும், அதனால் முதல் குறையாது, விளக்கும் அணையாது. இன்றைய குவளையில் இந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. யார் பெயரால் விற்கிறது, அவருக்கு எவ்வளவு போகிறது என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை.

இங்கேதான் அரும்பாவூருக்கான யோசனை ஆபத்தாகிறது. புவிசார் குறியீடு இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்கிறார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தக் குறியீடு பதிவு செய்த பொருளுக்குத்தான், இங்கே மரச்சிற்பத்துக்கு. ‘அரும்பாவூர்ச் சிற்பத்தைத் தழுவியது’ என்று சொல்லி மெழுகு விற்பவரை அந்தச் சான்றிதழைக் காட்டி நிறுத்திவிடலாம் என்று யாரும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். வழக்குப் போட்டுப் பார்க்க ஒரு பட்டறைக்காரரிடம் காசும் இல்லை, காலமும் இல்லை.

அடுத்து வருவது அச்சு. ஒரு மரப் பிள்ளையாரைச் செதுக்கச் சிற்பி நாள்கணக்கில் உட்கார்ந்து உளியும் கொட்டாப்புளியுமாக வேலை செய்கிறார். அந்தச் சிலையின் மேல் சிலிகோன் ஊற்றி அச்செடுக்க ஒரு நாள் போதும். அதற்குப்பின் மெழுகை உருக்கி ஊற்ற ஊற்றப் பிள்ளையார் வந்துகொண்டே இருப்பார், நூறு, ஆயிரம் என்று. ‘நாம் கூட்டாகச் செய்யலாம்’ என்று இனிக்க இனிக்கப் பேசி வருகிறவர்களிடம் சிற்பிகள் முதலில் கேட்க வேண்டியது அச்சு யாரிடம் இருக்கும் என்பதுதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஒன்று சொல்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் அதைப் பொருளாக உற்பத்தி செய்துவிட்டால், அதன்மேல் பதிப்புரிமை நின்றுபோகும். ஒரு சிற்பத்துக்கு இது பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். வாதாடும் செலவு யாருடையது? திருட்டுக் கொடுத்தாலாவது கேட்க வழியுண்டு. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு உரிமையை இழப்பது அதைவிடக் கொடுமை.

‘அப்படியானால் இளைஞர்கள் உளியைத் தொடாமல் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய்?’ இந்தக் கேள்விக்கு நான் தலை குனியத்தான் வேண்டும், ஏனென்றால் நிலைமை அதுதான். ஆனால் அவர்கள் போவது செய்வதற்கு மெழுகுவர்த்தி இல்லாததால் அல்ல. வேலை கற்க ஐந்தாறு வருஷம் ஆகிறது, அந்த வருஷங்களில் யாரும் கூலி தருவதில்லை. மரம் விலை ஏறிவிட்டது, நல்ல மரம் கிடைப்பதும் கடினம். ஆர்டர் திருவிழாக் காலத்தை ஒட்டி வருகிறது, பணம் அதற்கு வெகு பின்னால் வருகிறது. நடுவில் இருக்கும் வியாபாரி பட்டறை விலையையும் நகரத்து விலையையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார். இதில் எந்த ஒன்றையும் சோயா மெழுகு தீர்க்காது. மாறாக, பத்து வருஷம் தாள அளவுகள் கற்று, முகத்துக்கு எத்தனை விரல், மார்புக்கு எத்தனை விரல் என்று கையிலேயே கணக்கு வைத்திருக்கும் ஒருவரை, இரண்டு நாள் பயிற்சியில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு தொழிலில் இறக்கிவிட்டு, அந்த இரண்டு நாள்காரர்களோடு விலைப் போட்டி போடச் சொல்கிறது. மெழுகு ஊற்றுவது கேவலமான தொழில் என்று சொல்லவில்லை. மகளிர் குழுக்கள் பல அதில் நாலு காசு பார்க்கின்றன, பார்க்கட்டும். சிற்பியை அந்த வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவது ஏன் என்பதே என் கேள்வி.

சின்னப் பொருள் செய்யக் கூடாது என்பதும் என் வாதமல்ல. கையடக்கச் சாமி உருவங்களை அரும்பாவூர் செய்கிறது, அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களில் தமிழ்நாட்டு மரச்சிற்பங்கள் சின்னதும் பெரிதுமாக வைத்திருக்கிறார்கள். மரத்தில் விளக்குத் தாங்கி வேண்டும் என்று யாராவது கேட்டால் அதையும் செய்து கொடுக்கலாம், சுடருக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பித்தளைத் தட்டை வைத்துவிட்டு. அது மரவேலை. உளி பட்டது, விலை பேசலாம், பெயர் போடலாம். சிற்பியின் கையை விட்டுவிட்டுச் சிற்பத்தின் நிழலை மட்டும் எடுத்துப் போகும் வியாபாரத்தைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்? அறநிலையத் துறை ஒவ்வொரு வருஷமும் தேர்களைப் புதுப்பிக்கிறது, வாகனங்கள் செய்யச் சொல்கிறது. அந்த வேலையில் செதுக்கும் பகுதியைக் குறியீடு பெற்ற ஊர்களின் பட்டறைகளுக்கு நேரடியாகக் கொடுத்து, முன்பணம் தந்து, முடிந்த வாகனத்தின் அடியில் சிற்பியின் பெயரையும் வருஷத்தையும் வெட்டச் சொன்னால், அது எந்தப் பரிசுப் பெட்டியையும்விட அந்த ஊருக்கு உதவும். பழகுநராக இருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தொகை கொடுப்பது அரசுக்குப் பெரிய காரியமல்ல. வனத்துறை ஏலத்தில் விடும் மரத்தில் ஒரு பங்கை இவர்களுக்கு நியாய விலைக்கு ஒதுக்கலாம். புதிதாகக் கண்டுபிடிக்க இதில் எதுவும் இல்லை, அதனாலேயே யாருக்கும் சுவாரஸ்யமாக இல்லை போலிருக்கிறது.

கலையின்மேல் உண்மையாகவே ஆசை உள்ள வாசகருக்கு ஒன்று சொல்வேன். நான்கு குவளை வாங்கும் பணம் ஒரு சின்ன மரச்சிற்பத்துக்கு முன்பணமாகும். அரும்பாவூர் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய் அன்றே திரும்பக்கூடிய தூரம். பட்டறையில் மரத்தையும் பாதி முடிந்த வேலையையும் பாருங்கள். அளவு சொல்லுங்கள், எந்த மரம் என்று கேளுங்கள், முன்பணம் கொடுங்கள், செதுக்கியவர் பெயரைப் போட்டு ரசீது வாங்குங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.